டெக்சாஸ் மெக்சிக்க அமெரிக்கர்களின் உரிமைப் போராட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கத் தென்மாநிலங்களின் உரிமைப் போராட்டம் என்றாலே கறுப்பினத்தவர் போராட்டம்தானே? மெக்சிக்க அமெரிக்கர்கள் இதில் எங்கே வருகிறார்கள்?

அலபாமா, மிசிசிப்பி என்றால் அப்படிச் சொல்லலாம். டெக்சாஸில் ஒதுக்கப்பட்டவர்கள் இரண்டு கூட்டம். கிழக்கே பருத்தி மாவட்டங்களில் கறுப்பினத்தவர். தெற்கே, எல்லையை ஒட்டிய ஊர்களில் மெக்சிக்க வம்சாவளியினர். ஒரே மாநிலம், ஒரே காலம். ஆனால் இரண்டு தரப்பும் வெவ்வேறு வழியில் போராடின. காரணம் விசித்திரமானது: சட்டத்தின் ஏட்டில் மெக்சிக்க அமெரிக்கர்கள் "வெள்ளையர்". இந்தப் பக்கம் முழுக்க அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் போகும்.

அவர்கள் மெக்சிகோவிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தானே?

பலர் அப்படி வந்தவர்கள்தான், குறிப்பாக 1910-இல் மெக்சிகோவில் புரட்சி வெடித்த பிறகு. ஆனால் எல்லோரும் அல்ல. டெக்சாஸ் 1836 வரை மெக்சிகோவின் பகுதி. 1845-இல் அமெரிக்காவோடு சேர்ந்தது. அப்புறம் போர் நடந்து, 1848-இல் குவாடலூப்பே இதால்கோ ஒப்பந்தத்தோடு முடிந்தது. தெற்கு டெக்சாஸின் பழைய குடும்பங்கள் இருந்த இடத்திலேயே இருந்தன. எல்லைக்கோடுதான் அவர்களைத் தாண்டிப் போனது.

சட்டப்படி வெள்ளையர் என்றால் என்ன பிரச்சினை?

1848 ஒப்பந்தம் அந்த நிலத்தில் தங்கியவர்களுக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைக்க வழி செய்தது. அந்தக் காலச் சட்டப்படி வெளிநாட்டார் குடியுரிமை பெற வேண்டுமென்றால் "வெள்ளையராக" இருக்க வேண்டும். ஆக, மெக்சிக்கர்களும் வெள்ளையர் என்று ஆயிற்று. 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மட்டும் "மெக்சிக்கர்" என்று தனி இனமாக எழுதியது. எதிர்ப்பு வரவே 1940-இல் மறுபடி வெள்ளையர் கணக்கில் சேர்த்தார்கள்.

ஏட்டில் இப்படி. தெருவில்? "மெக்சிக்கர்களுக்கு இங்கே பரிமாறப்படாது" என்று ஓட்டல் வாசலில் பலகை. பள்ளியில் தனிக் கட்டடம். கல்லறைத் தோட்டத்தில் தனிப் பகுதி. இதையெல்லாம் எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. கறுப்பினத்தவரைத் தனிப் பள்ளியில் படிக்க வை என்று டெக்சாஸ் அரசியல் சாசனமே சொன்னது. மெக்சிக்கர்களைப் பற்றி அப்படி ஒரு வரிகூடக் கிடையாது. எல்லாம் வழக்கம், ஊர்க்கட்டு. சட்டம் இருந்தால் அந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போடலாம். வழக்கத்தை எதிர்த்து எந்தக் கோர்ட்டில் போய் நிற்பது?

அப்படியென்றால் ஏன் இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு மட்டும் வேகம் பிடித்தது?

முன்பும் போராட்டம் இருந்தது. மெக்சிக்க அமெரிக்கர்களின் உரிமைக்கான லூலாக் என்ற அமைப்பு 1929-இல் கார்பஸ் கிறிஸ்டி நகரத்தில் பிறந்தது. ஆனால் போர் ஒரு புதுத் தலைமுறையைக் கொடுத்தது. சீருடை போட்டு, மற்ற அமெரிக்கர்களோடு ஒரே அகழியில் கிடந்து திரும்பியவர்கள், ஊரில் பழைய பலகையைப் பார்த்ததும் சும்மா இருக்கவில்லை.

மக்காரியோ கார்சியாவின் கதை ஒன்று போதும். மெக்சிகோவில் பிறந்து, டெக்சாஸில் பருத்திக் காட்டில் வளர்ந்தவர். ஜெர்மனியில் காட்டிய வீரத்துக்காக 1945 ஆகஸ்டில் ஜனாதிபதி ட்ரூமன் கையால், நாட்டின் உச்ச ராணுவ விருதான மெடல் ஆஃப் ஹானர் பெற்றார். அடுத்த மாதமே, ஹூஸ்டனுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், மெக்சிக்கர் என்பதால் ஓட்டலில் அவருக்குப் பரிமாற மறுத்தார்கள். கைகலப்பாகிவிட்டது. வழக்கு யார் மேல் பாய்ந்தது என்று நினைக்கிறீர்கள்? கார்சியா மேல்தான்.

லாங்கோரியா விவகாரம் என்று சொல்கிறார்களே, அது என்ன?

மூன்று ஆறுகள் கூடுகிற இடத்தில் த்ரீ ரிவர்ஸ் என்ற சிறிய ஊர். அந்த ஊர் ஃபீலிக்ஸ் லாங்கோரியா, லாரி ஓட்டியவர், போர்வீரராகப் போய், 1945 ஜூனில் பிலிப்பைன்ஸின் லூசான் தீவில் கொல்லப்பட்டார். உடல் ஊர் வந்து சேர்வதற்குள் மூன்றரை ஆண்டுகள் ஓடிவிட்டன. 1949 ஜனவரியில் அவர் மனைவி பியட்ரிஸ், அடக்கத்துக்கு முந்தைய இரவில் உடலை வைத்து உறவினர்கள் கூட, அந்த ஊர் சவ அடக்க நிலையத்தின் சிற்றாலயத்தைக் கேட்டார். ஊரில் இருந்தது அது ஒன்றுதான். நடத்துபவர் தயங்கினார், வெள்ளைக்காரர்களுக்குப் பிடிக்காது என்றார்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். புதைக்க இடமில்லை என்று யாரும் சொல்லவில்லை. இடம் இருந்தது, ஊர்க் கல்லறைத் தோட்டத்தின் மெக்சிக்கப் பகுதியில். முள்வேலிக்கு அந்தப் பக்கம்.

பியட்ரிஸின் தங்கை கார்பஸ் கிறிஸ்டியில் முன்னாள் வீரர் சங்கம் நடத்திய டாக்டர் ஹெக்டர் கார்சியாவுக்குச் சொன்னார். அவர் செய்த காரியம் அழகு. சவ அடக்க நிலையத்துக்குத் தானே போன் போட்டார். போடும்முன், இன்னொரு இணைப்பில் தன் செயலாளரை உட்காரவைத்து, பேச்சைச் சுருக்கெழுத்தில் எடுக்கச் சொன்னார். "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று மறுநாள் யாரும் மறுக்க முடியாதல்லவா? அன்றிரவே அரசியல்வாதிகளுக்கும் பத்திரிகைகளுக்கும் தந்திகள் பறந்தன.

மறுநாள் கூட்டம். பதவியேற்றுச் சில நாட்களே ஆகியிருந்த செனட்டர் ஒருவரின் பதில் தந்தி அங்கே வாசிக்கப்பட்டது. சிலருடைய வெறுப்பு ஒருவர் செத்த பிறகும் தொடர்கிறதே என்று வருந்துவதாகச் சொன்ன அவர், ஆர்லிங்டன் தேசியக் கல்லறையிலோ சான் அன்டோனியோ ராணுவக் கல்லறையிலோ முழு மரியாதையுடன் அடக்கம் செய்ய ஏற்பாடு செய்வதாக எழுதியிருந்தார். அவர் லிண்டன் ஜான்சன். குடும்பம் ஆர்லிங்டனைத் தேர்ந்தெடுத்தது. 1949 பிப்ரவரி 16-ஆம் தேதி அடக்கம் நடந்தது. ஜான்சனும் மனைவியும் வந்திருந்தார்கள்.

டெக்சாஸ் சட்டமன்றம் ஐவர் குழு அமைத்து விசாரித்தது. பாகுபாடு எதுவும் நடக்கவில்லை என்பது பெரும்பான்மையின் முடிவு. ஃபிராங்க் ஓல்டார்ஃப் என்ற உறுப்பினர் அதை ஏற்க மறுத்தார். த்ரீ ரிவர்ஸில் சிலர் இன்றைக்கும் "எங்கள் ஊருக்கு வீண் பழி" என்கிறார்கள். சவ அடக்க நிலையக்காரர் தனிமனிதராக எவ்வளவு கெட்டவர் என்று தேடுவது எனக்குத் தேவையற்றதாகப் படுகிறது. முள்வேலியை அவர் போடவில்லை. அவர் பிழைப்பு, வேலிக்கு எந்தப் பக்கத்தில் காசு இருந்ததோ அந்தப் பக்கத்தைச் சார்ந்திருந்தது.

டாக்டர் ஹெக்டர் கார்சியா யார்?

1914-இல் மெக்சிகோவின் தமவுலிப்பாஸ் மாநிலத்தில் பிறந்து, குழந்தையாக டெக்சாஸ் வந்தவர். கால்வெஸ்டனில் மருத்துவம் படித்து, ஐரோப்பியப் போர்முனையில் பணியாற்றிவிட்டு, கார்பஸ் கிறிஸ்டியில் ஆஸ்பத்திரி வைத்தார். முன்னாள் வீரர்களுக்குச் சேர வேண்டிய மருத்துவமும் உதவித்தொகையும் மெக்சிக்கர்களுக்கு மட்டும் இழுத்தடிக்கப்படுவதைப் பார்த்து, 1948 மார்ச் 26 அன்று அமெரிக்கன் ஜி.ஐ. ஃபோரம் என்ற சங்கத்தைத் தொடங்கினார். ஜி.ஐ. என்றால் சாதாரணப் போர்வீரன். பெயரில் "மெக்சிக்கன்" இல்லை, "அமெரிக்கன்" இருக்கிறது. அது தற்செயல் அல்ல. நாட்டுக்காகச் சண்டை போட்டவனை வெளியாள் என்று சொல்லிப் பார் என்ற சவால் அந்தப் பெயரிலேயே இருந்தது.

ஜான்சன் மனம் இரங்கித்தான் உதவினாரா, ஓட்டுக்காகவா?

இரண்டும் என்றுதான் சொல்வேன். 1928-29-இல் இளைஞர் ஜான்சன் கொட்டுல்லா என்ற ஊரில் மெக்சிக்கப் பிள்ளைகளின் பள்ளியில் ஆசிரியர். பசியோடு வகுப்புக்கு வந்த அந்தக் குழந்தைகளை அவர் மறக்கவில்லை. 1965 மார்ச்சில், ஜனாதிபதியாக, வாக்குரிமைச் சட்டத்துக்காக நாடாளுமன்றத்தில் பேசியபோது அவர்களை நினைவுகூர்ந்தார்.

இன்னொரு பக்கம், 1948 செனட் போட்டியில் அவருக்குக் கட்சி வேட்பாளர் இடம் கிடைத்ததே 87 ஓட்டு வித்தியாசத்தில். அந்த ஓட்டுகள் எங்கிருந்து வந்தன என்றால், தெற்கு டெக்சாஸின் ஆலிஸ் ஊரில் "பெட்டி எண் 13"-இலிருந்து, வாக்குப்பதிவு முடிந்து பல நாள் கழித்து! மெக்சிக்க ஓட்டுகளை மொத்தமாகக் கைக்குள் வைத்திருந்த உள்ளூர்ப் பெரும்புள்ளிகளின் வேலை அது. தெற்கு டெக்சாஸ் தனக்கு எவ்வளவு முக்கியம் என்று ஜான்சனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பள்ளிகளில் என்ன நடந்தது?

1948-இல் டெல்காடோ வழக்கில், மெக்சிக்கப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைப்பது செல்லாது என்று ஃபெடரல் கோர்ட் சொன்னது. ஆனால் ஒரு ஓட்டை விட்டது: ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளை முதல் வகுப்பில் மட்டும், அதே வளாகத்தில், தனியாக உட்காரவைக்கலாம். பள்ளி நிர்வாகங்கள் அந்த ஓட்டை வழியாகப் பஸ்ஸே ஓட்டின. டிரிஸ்கால் என்ற ஊரில் மெக்சிக்கப் பிள்ளைகள் முதல் இரண்டு வகுப்புகளைக் கடக்கவே நான்கு ஆண்டுகள் ஆகும்படி வைத்திருந்தார்கள். கேட்டால் மொழிப் பிரச்சினை என்பார்கள். அங்கே ஒரு சிறுமி. அவளுக்கு ஸ்பானிஷ் தெரியவே தெரியாது, ஆங்கிலம் மட்டும்தான். பெயரைப் பார்த்து அவளையும் மெக்சிக்க வகுப்பில் போட்டுவிட்டார்கள். வக்கீல் தலையிட்ட பிறகுதான் மாற்றினார்கள். இதை எதிர்த்துப் போட்ட வழக்கிலும் 1957-இல் மெக்சிக்கப் பெற்றோர் ஜெயித்தார்கள்.

ஹெர்னாண்டஸ் வழக்கு ஏன் அவ்வளவு முக்கியம்?

முதலில் சம்பவம். 1951-இல் ஜாக்சன் மாவட்டத் தலைநகர் எட்னாவில், பீட் ஹெர்னாண்டஸ் என்ற பண்ணைத் தொழிலாளிக்குக் கொலை வழக்கில் ஆயுள் தண்டனை கிடைத்தது. சாராயக்கடைத் தகராறில் சுட்டுக் கொன்றது. அவர் சுட்டாரா இல்லையா என்பது கேள்வியே அல்ல. வக்கீல்கள் பிடித்துக்கொண்டது வேறு: அந்த மாவட்டத்தில் 14 சதவீதம் பேர் மெக்சிக்க வம்சாவளி. 25 ஆண்டுகளில் ஒருவர்கூட ஜூரியில், அதாவது குற்றவாளியா இல்லையா என்று முடிவுசெய்யும் ஊர்மக்கள் குழுவில், உட்கார்ந்ததில்லை.

டெக்சாஸ் அரசின் பதில், கேட்டால் தலை சுற்றும். மெக்சிக்கர்கள் வெள்ளையர். ஜூரியில் இருந்தவர்களும் வெள்ளையர். வெள்ளையனை வெள்ளையர் விசாரித்தால் பாகுபாடு எங்கே இருக்கிறது?

கஸ் கார்சியா, கார்லோஸ் கடேனா, ஜான் ஹெரேரா, ஜேம்ஸ் டி ஆண்டா என்ற நான்கு வக்கீல்களும் இதை உடைக்கச் சட்டப் புத்தகத்தைத் தேடவில்லை. ஊரைச் சுற்றிக் காட்டினார்கள். ஓட்டலில் பலகை. முதல் நான்கு வகுப்புகளுக்குத் தனிப் பள்ளி. உச்சகட்டமாக, வழக்கு நடந்த அதே கோர்ட் வளாகத்தின் கழிப்பறை. ஆண்களுக்கு இரண்டு இருந்தன. ஒன்றில் எழுத்தே இல்லை. மற்றதில் "கறுப்பினத்தவர்" என்று ஆங்கிலத்தில். அதற்குக் கீழே ஸ்பானிஷில் "ஓம்ப்ரேஸ் அக்கீ", அதாவது "ஆண்கள் இங்கே". மெக்சிக்கர்கள் வெள்ளையர் என்று மாடியில் வாதாடிய அரசாங்கம், கீழே அவர்களுக்கு எந்தக் கதவு என்று அவர்கள் மொழியிலேயே எழுதி வைத்திருந்தது.

வழக்கு வாஷிங்டனில் உள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. ஆனால் பணம் இல்லை. ஜி.ஐ. ஃபோரமும் லூலாக்கும் ஒரு டாலர், இரண்டு டாலர் என்று ஏழைகளிடம் வசூலித்துத்தான் வக்கீல்களை அங்கே அனுப்பின. 1954 ஜனவரியில் வாதம். "உங்கள் ஆட்களுக்கு ஆங்கிலம் தெரியுமா, அவர்கள் குடிமக்களா" என்கிற ரீதியில் நீதிபதிகளிடமிருந்தே கேள்வி வந்ததாகச் சொல்வார்கள்.

1954 மே 3 அன்று தீர்ப்பு. ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில். தலைமை நீதிபதி ஏர்ல் வாரன் எழுதினார்: 25 ஆண்டுகளில் அழைக்கப்பட்ட 6,000-க்கும் மேற்பட்ட ஜூரர்களில் இந்த மக்கள் ஒருவர்கூட இல்லாதது தற்செயல் என்றால் நம்ப முடியவில்லை. சம உரிமைப் பாதுகாப்பு வெள்ளையர், கறுப்பினத்தவர் என்ற இரண்டு பிரிவுக்கு மட்டும் உரியதல்ல. ஊர் எந்தக் கூட்டத்தைத் தனியாகப் பிரித்து நடத்துகிறதோ அதற்கும் உண்டு. ஊர்க்கட்டை எந்தக் கோர்ட்டில் கேட்பது என்று மேலே கேட்டேனே, அதற்கு விடை இதுதான்.

பிரவுன் வழக்கு எல்லோருக்கும் தெரிகிறது. இது ஏன் தெரியவில்லை?

சரியாக இரண்டு வாரம் கழித்து, மே 17 அன்று, கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் வைப்பது செல்லாது என்று சொன்ன பிரவுன் தீர்ப்பு வந்துவிட்டது. அதன் வெளிச்சத்தில் இது மங்கிப்போனது.

பீட் ஹெர்னாண்டஸ் விடுதலை ஆனாரா?

இல்லை. மறுவிசாரணையிலும் தண்டனைதான்.

கறுப்பினத்தவரோடு கைகோத்துப் போராடினார்களா?

சங்கடமான கேள்வி, ஆனால் கேட்க வேண்டியது. பெரும்பாலும் இல்லை. டெக்சாஸ் கறுப்பினத்தவர் அப்போது பெரிய வெற்றிகளைப் பெற்றுக்கொண்டிருந்தார்கள். ஹூஸ்டன் பல் டாக்டர் லானி ஸ்மித், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே ஓட்டுப்போடலாம் என்ற விதியை 1944-இல் உடைத்தார். தபால்காரர் ஹீமன் ஸ்வெட் 1950-இல் டெக்சாஸ் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியின் கதவைத் திறந்தார். 1956-இல் மேன்ஸ்ஃபீல்டு ஊரில் கறுப்பின மாணவர்களைப் பள்ளியில் சேரவிடாமல் கும்பல் தடுத்தபோது, கவர்னர் ஷிவர்ஸ் ரேஞ்சர் என்ற மாநிலப் போலீஸை அனுப்பினார், மாணவர்களுக்குப் பாதுகாப்பாக அல்ல, அவர்களை வெளியே வைக்க.

இந்த நேரத்தில் லூலாக் தலைவர்கள் பலர் "நாங்களும் வெள்ளையர்தான், எங்களை ஏன் அவர்களோடு சேர்க்கிறீர்கள்" என்ற தொனியில்தான் பேசினார்கள். தந்திரம் என்றும் சொல்லலாம், பயம் என்றும் சொல்லலாம். ஏணியில் ஒரு படி மேலே நிற்கிறவனின் கணக்கு என்பது என் எண்ணம். விதிவிலக்கு உண்டு. ஹென்றி பி. கொன்சாலஸ் 1957-இல் டெக்சாஸ் செனட்டில், கறுப்பினப் பிள்ளைகளைக் குறிவைத்த பிரிவினை மசோதாக்களை எதிர்த்து 22 மணி நேரம் நின்றுகொண்டே பேசினார்.

"நாங்களும் வெள்ளையர்" என்ற வாதம் பலன் தந்ததா?

கொஞ்ச காலம் தந்தது. பிறகு அதுவே பொறியாகிவிட்டது. பள்ளிகளில் வெள்ளையரையும் கறுப்பினத்தவரையும் கலக்க வேண்டும் என்று கோர்ட்டுகள் உத்தரவிட்டதும், நிர்வாகங்கள் என்ன செய்தன தெரியுமா? மெக்சிக்கப் பிள்ளைகளையும் கறுப்பினப் பிள்ளைகளையும் ஒரே பள்ளியில் போட்டு, "இதோ, கலந்துவிட்டோம்" என்றன. மெக்சிக்கர்தான் வெள்ளையராயிற்றே! நிஜ வெள்ளையரின் பள்ளிகள் அப்படியே இருந்தன. ஹூஸ்டனில் 1970-இல் மெக்சிக்கப் பெற்றோர் பள்ளிகளைப் புறக்கணித்து, தாங்களே வகுப்புகள் நடத்தினார்கள். அதே ஆண்டு கார்பஸ் கிறிஸ்டியின் சிஸ்னெரோஸ் வழக்கில் நீதிபதி உட்ரோ சீல்ஸ், மெக்சிக்க அமெரிக்கர்கள் தனித்து அடையாளம் காணத்தக்க சிறுபான்மையினர், இந்தக் கலப்புக் கணக்கு செல்லாது என்றார். வெள்ளையர் என்ற பெயரை வாங்க ஒரு தலைமுறை பாடுபட்டது. அதைக் கழற்ற அடுத்த தலைமுறை வழக்காட வேண்டியதாயிற்று.

ஓட்டுப்போடத் தடை இருந்ததா?

காசுதான் தடை. ஓட்டுப்போட ஒவ்வொருவரும் வாக்கு வரி கட்ட வேண்டும். மாநிலத்துக்கு ஒன்றரை டாலர், பல மாவட்டங்களில் மேலும் 25 சென்ட். கணவன் மனைவி இருவருக்கும் மூன்றரை டாலர். அதையும் ஜனவரி முடிவதற்குள், தேர்தல் வாசனையே அடிக்காத காலத்தில் கட்ட வேண்டும். பருத்தி பறித்துப் பிழைக்கிற குடும்பத்தில் ஜனவரியில் யார் கையில் காசு இருக்கும்? ஜி.ஐ. ஃபோரம் வீடு வீடாகப் போய் வரி கட்டவைத்தது. 1966-இல்தான் இது முழுமையாக ஒழிந்தது.

கிரிஸ்டல் சிட்டியில் என்ன நடந்தது?

கீரைக்குப் பேர்போன ஊர். 1937-லேயே கீரை தின்று பலசாலியாகும் கார்ட்டூன் வீரன் பாப்பாய்க்குச் சிலை வைத்தவர்கள். ஊரில் பெரும்பான்மை மெக்சிக்கர். அதிகாரம் வெள்ளையர் கையில். 1963-இல் டப்பா உணவு ஆலைத் தொழிற்சங்கத்தின் துணையோடு ஐந்து மெக்சிக்கர்கள் நகரசபையைப் பிடித்தார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் நிலைக்கவில்லை.

1969-இல் மறுபடி கிளம்பியது, உயர்நிலைப் பள்ளியிலிருந்து. காரணம் கேட்டால் சிரிப்பு வரலாம்: கால்பந்து ஆட்டத்தில் உற்சாகக் கூச்சல் எழுப்பும் சியர்லீடர் பெண்கள். பள்ளியில் பெரும்பாலோர் மெக்சிக்கப் பிள்ளைகள், ஆனால் சியர்லீடர்களில் மெக்சிக்கப் பெண் ஒருத்திக்கு மட்டுமே இடம் என்ற எழுதப்படாத கணக்கு. விழா ராணிப் போட்டிக்கு இன்னொரு நிபந்தனை: பெண்ணின் தாயோ தந்தையோ அதே பள்ளியில் படித்து முடித்திருக்க வேண்டும். மெக்சிக்கப் பெற்றோரில் எத்தனை பேர் வயலை விட்டுப் பள்ளியை முடித்திருக்க முடியும்? யார் பெயரையும் சொல்லாமல் யாரைத் தள்ள வேண்டுமோ அவர்களைத் தள்ளும் விதி.

டிசம்பர் 9 அன்று மாணவர்கள் வகுப்பை விட்டு வெளியேறினார்கள். கோரிக்கைப் பட்டியலில் சியர்லீடர் விஷயத்தோடு இருமொழிக் கல்வியும், ஸ்பானிஷ் பேசியதற்குத் தண்டிக்கக் கூடாது என்பதும் சேர்ந்தன. டெக்சாஸில் வருகைக் கணக்குப்படிதான் பள்ளிக்கு அரசுப் பணம் வரும். காலியான ஒவ்வொரு பெஞ்சும் நிர்வாகத்துக்கு நஷ்டம். ஜனவரியில் பள்ளி வாரியம் இறங்கிவந்தது. அந்த ஊர்க்காரரான ஹோசே ஆங்ஹெல் கூட்டியெர்ரெஸ் முதலானோர் அந்தச் சூட்டிலேயே ராஸா ஊனிதா என்ற கட்சியைத் தொடங்க, 1970 ஏப்ரலில் அது பள்ளி வாரியத்தைப் பிடித்தது. கொட்டுல்லாவிலும் ஜெயித்தது. ஆமாம், ஜான்சன் வாத்தியாராக இருந்த அதே கொட்டுல்லா.

அந்தக் கட்சி இப்போது இருக்கிறதா?

இல்லை. 1972 கவர்னர் தேர்தலில் சுமார் 6 சதவீதம் வாங்கியது. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் கரைந்துவிட்டது. வாக்குரிமைச் சட்டம் 1975-இல் டெக்சாஸுக்கும், ஸ்பானிஷ் பேசும் வாக்காளர்களுக்கும் நீட்டிக்கப்பட்டதற்கு இந்த அலையின் அழுத்தமும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

கஸ் கார்சியா பிறகு பெரிய ஆளாகியிருப்பாரே?

அப்படித்தான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தையே அசத்திய பேச்சு. ஆனால் குடி அவரை விடவில்லை. தொழில் போனது, குடும்பம் உடைந்தது. 1964 ஜூனில், சான் அன்டோனியோவில் ஒரு பெஞ்சில் இறந்து கிடந்தார். வயது 48.